அயிரைக்கு வேண்டிய பருவம்

இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நம் பதில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. கலர்மீன் கடைகளில் 'லோச்' என்ற பெயரில் விற்கப்படும் மீன்களுக்கு நம் மொழியில் சங்க காலத்திலிருந்தே வழங்கிவரும் பெயர் ஒன்று உண்டு: அயிரை. குறுந்தொகையின் 128ஆம் பாடலில், கீழ்க்கடற்கரையில் நிற்கும் கிழநாரை ஒன்று மேற்கே சேரனின் தொண்டித் துறையில் உள்ள அயிரைக்காகக் கழுத்தை நீட்டுகிறது. எட்டாததை விரும்பும் நெஞ்சுக்குப் பரணர் தேடிப்பிடித்த உவமை அது. 166ஆம் பாடலிலும் நாரைகள் அயிரையை உண்கின்றன. பாட்டில் வரும் மீன் இன்றைய விலங்கியலார் பட்டியலில் எந்த இனம் என்று கட்டிவைக்கச் சங்கப் பாடல்கள் இடம் தருவதில்லை. ஆயினும் சிறிய, மெலிந்த, நீரின் அடித்தரையில் வாழும் இம்மீனை நம் முன்னோர் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

அந்தப் பெயர் இன்று குழம்புச் சட்டியோடு நின்றுவிட்டது. மதுரைப் பக்கத்தில் அயிரை என்றாலும் அசரை என்றாலும் நாவில் நீர் ஊறும். அதே குடும்பத்து மீன் கண்ணாடித் தொட்டிக்குள் வந்துவிட்டால் அதற்குத் தமிழ்ப் பெயரும் இல்லை, மதிப்பும் இல்லை. 'தொட்டியைச் சுத்தம் பண்ணும் மீன் சார், ஒண்ணு போட்டு வையுங்கள்' என்று கடைக்காரர் தருகிறார். நாமும் ஒரு வேலையாளை அமர்த்துவதுபோல் வாங்கி வருகிறோம். மற்ற மீன்கள் சிந்தியதைத் தின்று, மூலையில் கிடந்து, ஒருநாள் காணாமற்போவதே அதன் விதி என்றாகிவிடுகிறது.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. குளிர்நீர் அயிரை ஒன்று நம் தொட்டியில் உயிரோடு இருப்பதனாலேயே அதை நாம் வளர்த்தவர்கள் ஆகிவிடமாட்டோம். அது தானாக இணைசேர்ந்து முட்டையிட்டுக் குஞ்சுகளைத் தரும் நாளில்தான் வளர்ப்பு என்ற சொல் பொருந்தும். அதற்குத் தொட்டி மட்டும் போதாது. ஓர் ஆண்டின் குளிரும் வெப்பமும், நீர் வற்றுதலும் புதுவெள்ளமும் வேண்டும். இவற்றைத் தரமுடியாத ஊரில் இருப்பவர் குளிர்நீர் மீனை வாங்காதிருப்பதே முறை. தம் ஊர் நீருக்கு உரிய அயிரையை அவர் வளர்க்கலாம்.

*

குளிர்நீர் அயிரைகளுள் உலகில் மிகப் பலர் வளர்ப்பது 'டோஜோ' என்று ஜப்பானியர் அழைக்கும் மீன். 1842இல் கேன்டர் என்பவர் சீனாவின் சூஷான் தீவிலிருந்து கிடைத்ததை வைத்து இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்: மிஸ்குர்னஸ் ஆங்குயில்லிகௌடாட்டஸ். விலாங்கின் வால் கொண்டது என்பது அதன் பொருள். வாயைச் சுற்றிப் பத்து மீசைகள். ஒரு சாணுக்குக் குறையாமல் வளரும். நல்ல பராமரிப்பில் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். கடையில் விரல் நீளக் குஞ்சாக வாங்குபவர் இந்த இரண்டு செய்திகளையும் பெரும்பாலும் அறிவதில்லை.

சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளின் நெல்வயல்களும் வாய்க்கால்களுமே இதன் வீடு. வயல் நீரில் உயிர்வளி குறைவு. கோடையில் நீர் கொதிக்கும். குளிர்காலத்தில் வயல் வற்றிவிடும். இத்தனைக்கும் டோஜோ ஒரு வழி வைத்திருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, அதைக் குடலின் பின்பகுதிக்கு அனுப்பி, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களால் உயிர்வளியை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சிய காற்று ஆசனவாய் வழியே குமிழியாக வெளியேறும். வறட்சி வந்தால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த நீருக்காகக் காத்திருக்கும். இதன் ஐரோப்பிய உறவினன் மிஸ்குர்னஸ் ஃபாசிலிஸ். 'தோண்டி எடுக்கப்பட்டது' என்ற பொருள்பட லின்னேயஸ் 1758இல் இட்ட பெயர் அது. மழைக்கு முன் காற்றழுத்தம் இறங்கும்போது இம்மீன்கள் நிலைகொள்ளாமல் மேலும் கீழுமாக அலையும். ஐரோப்பியர் அதைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து மழைக்குறி பார்த்தார்கள். 'வானிலை மீன்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கடினமான உடலே இம்மீனுக்குப் பகையாகவும் அமைந்துவிட்டது. எதையும் தாங்குகிறது என்பதனால் எதிலும் போடுகிறோம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்திலும் அது சில மாதங்கள் கிடக்கும். சென்னைக் கோடையில் 30 டிகிரியைத் தாண்டிய நீரிலும் காற்றை விழுங்கி விழுங்கி நாளைக் கடத்தும். அது வயலிலும் வெப்பத்தைத் தாங்குகிறதே என்று வாதிடுவோர் உண்டு. வயலில் அந்த வெப்பம் ஆண்டில் சில வாரங்களே. அப்போதும் கீழே குளிர்ந்த சேறு இருக்கிறது, இரவு இருக்கிறது, பின்னால் ஒரு பனிக்காலம் இருக்கிறது. நம் தொட்டியில் ஆண்டு முழுவதும் ஒரே கோடை. தாங்கிக்கொள்வதை வாழ்வதாக எண்ணிக்கொள்வது மீன்களிடத்தில் மட்டும் நாம் காட்டும் பழக்கம் அன்று என்பதையும் சொல்லி வைக்கலாம்.

*

'குளிர்நீர்' என்பதை வெப்பமானியின் ஓர் எண்ணாக மட்டும் புரிந்துகொள்வதும் போதாது. நீர் குளிரக் குளிர அதில் கரையும் உயிர்வளி மிகும். 10 டிகிரி நன்னீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் கரைந்திருக்கும். 20 டிகிரியில் 9.1; 30 டிகிரியில் 7.5 அளவுக்கு வந்துவிடும். வெப்பம் ஏறும்போது மீனின் உடலுக்கு வேண்டிய உயிர்வளியும் ஏறுகிறது. தேவை கூடும் அதே வேளையில் இருப்பு குறைகிறது.

டோஜோவுக்காவது குடலால் மூச்சுவிடும் வழி இருக்கிறது. மலையோடை அயிரைகளுக்கு அதுவும் இல்லை. தென்சீனத்துப் பியூஃபோர்டியா, நடு வியட்நாமின் செவெல்லியா லினியோலாட்டா முதலியவை பாறைமேல் பாயும் நீருக்கென்றே வடிக்கப்பட்ட உடல் கொண்டவை. மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் அகன்று விரிந்து, தட்டையான வயிற்றோடு சேர்ந்து ஓர் உறிஞ்சுதட்டாகிவிடும். வெள்ளம் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் கல்லை விடாது. பாறையில் படரும் பாசிப்படலத்தையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்னும். இந்த மீனை 'கண்ணாடி துடைக்கும் மீன்' என்று சொல்லி, அசையாத வெந்நீர்த் தொட்டியில் விடுகிறார்கள். சில வாரங்களில் வயிறு ஒட்டி, நிறம் மங்கிச் செத்துப்போகிறது. பசியா மூச்சுத் திணறலா என்று பிரித்தறியக்கூட வழியில்லை. இரண்டும் சேர்ந்தே கொல்கின்றன.

மேலைநாட்டு வளர்ப்பாளர்கள் இதற்கு ஓர் எளிய தீர்வு கண்டார்கள். நீண்ட தொட்டியின் ஒரு முனையில் நீரேற்றிகள். மறுமுனையில் பஞ்சு வடிகட்டிகள். இரண்டையும் இணைத்துச் சரளைக்கு அடியில் ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள். நீர் மேலே ஒரே திசையில் ஓடும். கீழே குழாய் வழியே திரும்பும். அவ்வளவுதான். உருண்டைக் கற்களை அடுக்கி, நல்ல ஒளி கொடுத்துப் பாசி படரவிட்டால் தொட்டி ஓடையின் ஒரு துண்டாகிவிடுகிறது. நீரை 20 முதல் 24 டிகிரிக்குள் வைத்த இத்தகைய தொட்டிகளில் செவெல்லியா வீடுகளிலேயே இனம்பெருகியிருக்கிறது. சரளையின் இடுக்கில் முட்டையிட்டுவிட்டுப் பெற்றோர் போய்விடும். சில வாரங்கள் கழித்துக் கண்ணாடியில் நகத்துணுக்கு அளவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டபிறகே வீட்டுக்காரருக்குச் செய்தி தெரியும். ஊசியில்லை, மருந்தில்லை. ஓட்டமும் உயிர்வளியும் பாசியும் கிடைத்தன; மீன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

*

இனப்பெருக்கமே வளர்ப்பின் உரைகல் என்று நாம் சொல்வதற்கான காரணத்தை டோஜோவைக் கொண்டு விளக்கலாம்.

ஆணையும் பெண்ணையும் அடையாளம் காண்பது கடினமன்று. முதிர்ந்த ஆணின் மார்புத் துடுப்பு நீண்டு கூர்மையாக இருக்கும். அதன் அடியில் எலும்பாலான சிறு தட்டு ஒன்று உண்டு. பெண்ணின் துடுப்பு குட்டையாக, உருண்டையாக இருக்கும். உடலும் சற்றுப் பருமன். ஒற்றையாக வைத்தால் இம்மீன் ஒடுங்கிப்போகும். ஐந்தாறு சேர்ந்திருந்தால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்; பகலிலும் வெளியே வரும். ஆகவே நான்கடி நீளத் தொட்டியேனும் வேண்டும். தரையில் கூர்ச்சரளை கூடாது. மீசை தேய்ந்து புண்ணாகும். புதைந்துகொள்ள வசதியாக மென்மணல் போதும். மேலே இடைவெளியில்லாத மூடி கட்டாயம் வேண்டும். மழைக்கு முன்னாலான அந்த அலைச்சலில் தாவி வெளியே விழுந்த மீன்கள் பல. செதில் மிக நுண்ணியது என்பதால் தாமிரம் கலந்த மருந்துகளை இது எளிதில் தாங்காது.

இவையெல்லாம் உயிர்வாழ்வதற்கான ஏற்பாடுகள். முட்டையிட வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் வரவேண்டும். ஹீட்டர் இல்லாத அறையில், அல்லது தோட்டத்துத் தொட்டியில், நீரின் வெப்பம் சில மாதங்கள் 10 டிகிரியை ஒட்டி இறங்கிக் கிடக்கட்டும். மீன் உணவைக் குறைத்துக்கொண்டு மணலுக்குள் அடங்கிவிடும். இளவேனிலில் பகல் நீளவும் நீர் மெல்ல 20 டிகிரியை நெருங்கவும் வேண்டும். மண்புழுவும் நீர்ப்பூச்சியுமாக உணவு பெருகவேண்டும். பிறகு புதுநீர். இயற்கையில் அது வயலுக்குப் பாய்ச்சும் முதல் தண்ணீர். வீட்டில் ஒரு வாளி குளிர்ந்த நீர். அப்போதுதான் ஆண்கள் பெண்ணைத் தொடரத் தொடங்கும். ஓர் ஆண் கயிறுபோல் பெண்ணின் உடலைச் சுற்றி இறுக்கும். அந்த இறுக்கத்தில் முட்டைகள் வெளியேறி நீர்ச்செடிகளில் சிதறி ஒட்டும். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் இருபுறமும் குழிந்த தழும்பு காணப்பட்டால் அந்தப் பெண் முட்டையிட்டவள் என்று பொருள். ஆணின் மார்புத் துடுப்பிலுள்ள தட்டு அழுந்திய அடையாளம் அது.

பெற்றோரை உடனே அகற்றாவிட்டால் முட்டைகளைத் தின்றுவிடும். 20 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் இரண்டு மூன்று நாளில் பொரியும். பொரித்த குஞ்சுக்குச் செவுள்கள் உடலுக்கு வெளியே இழைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்றை விழுங்கக் கற்கும்வரை அவையே அதற்குத் துணை. கரு உணவு தீர்ந்ததும் பச்சைநீரின் நுண்ணுயிர்கள், பிறகு அன்றாடம் பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா, பிறகு நறுக்கிய புழு என்று உணவு ஏறும். இந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் நாள்தோறும் மீன்தொட்டிக்கு அடிமை. கழிவு நீரை மாற்றவேண்டும். மாற்றும்போது கண்ணுக்கே புலப்படாத குஞ்சுகள் குழாயில் போய்விடாமல் பார்க்கவேண்டும்.

இதைச் செய்துமுடிக்கும் ஒருவர் இம்மீனின் ஓராண்டு முழுவதையும் கற்றிருப்பார். குளிருக்கு ஏன் அடங்குகிறது, நாள் நீண்டால் ஏன் பசிக்கிறது, புதுநீரின் வாசனைக்கு ஏன் துடிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். மீனை அழகுப் பொருளாக வைத்திருப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியவேண்டியதில்லை. நாம் இனப்பெருக்கத்தை வற்புறுத்துவது குஞ்சுகளின் எண்ணிக்கைக்காக அன்று, இந்தக் கல்விக்காகவே.

*

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

முதலாவது, ஊசி போட்டால் எந்த ஊரிலும் எந்தப் பருவத்திலும் முட்டையிட வைக்கலாமே என்பது. உண்மைதான். வளர்ப்புப் பண்ணைகளில் ஹார்மோன் செலுத்தி டோஜோவைப் பெருக்குகிறார்கள். இந்தோனேசியாவில் கோமாளி அயிரையும் அவ்வாறே பெருக்கப்படுகிறது. நாம் அதைப் பழிக்கவில்லை. காட்டு ஆற்றிலிருந்து பிடிக்கும் ஒவ்வொரு மீனுக்கும் மாற்றாக ஒரு பண்ணை மீன் வந்தால் ஆற்றுக்கு அது நன்மையே. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரிக்குதிரை அயிரையை நினைத்துக்கொள்கிறோம். போட்டியா ஸ்ட்ரியாட்டா என்ற அந்த இனத்தை நாராயண ராவ் 1920இல் துங்கை ஆற்று மீனைக் கொண்டு விவரித்தார். இன்று அது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. கலர்மீன் வணிகத்துக்காக ஆற்றிலிருந்தே அது பிடிக்கப்பட்டுவந்திருக்கிறது. இத்தகைய மீனுக்குப் பண்ணை ஒரு காப்பு. ஆனால் ஊசி வணிகத்தின் தேவையைத் தீர்க்கிறதே தவிர, வீட்டில் வாங்கி வைப்பவரின் கடமையைத் தீர்ப்பதில்லை. பண்ணையில் பிறந்த மீனுக்கும் வெந்நீர் வெந்நீர்தான்.

இரண்டாவது, சில்லர் வாங்கி நீரைக் குளிர்வித்தால் சென்னையிலும் குளிர்நீர் மீன் வளர்க்கலாமே என்பது. வளர்க்கலாம். ஆனால் அந்த மீனின் உயிர் மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். மே மாதத்து மின்வெட்டு ஒருநாள் நீடித்தால் போதும். அத்துடன், ஓர் உயிருக்கு இடைவிடாமல் செயற்கைக் குளிரைக் கொடுத்து வைத்துக்கொள்வதில் அந்த உயிருக்கு என்ன இலாபம் என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. உதகையிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் ஹீட்டரும் சில்லரும் இன்றி இம்மீனை வைத்திருக்க முடியும். அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனைக்கு ஆஸ்திரேலியாவே சான்று. கலர்மீனாக அங்கே கொண்டுபோன டோஜோ 1984இல் விக்டோரியா மாநிலத்து யாரா ஆற்றில் காணப்பட்டது. 1986இல் இறக்குமதியைத் தடை செய்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் அது பரவி நிலைத்துவிட்டது. சேற்றில் புதைந்து வறட்சியைக் கடக்கும், காற்றை விழுங்கும், ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன் அது. நாம் இதுவரை வியந்த குணங்கள் அத்தனையும் அயல்நாட்டு ஆற்றில் ஆயுதங்களாகிவிட்டன. வேண்டாத மீனை 'பாவம், பிழைக்கட்டும்' என்று ஓடையில் விடுவதைக் கருணை என்று எண்ணுகிறோம். அந்த ஓடையில் ஏற்கனவே வாழ்பவற்றுக்கு அது கேடு. மலையூரில் வளர்ப்பவர்கள் இதை இருமடங்கு நினைவில் வைக்கவேண்டும். ஏனெனில் அவர்கள் ஓடையின் குளிர், தப்பிச்செல்லும் டோஜோவுக்கு ஏற்ற குளிர்.

*

அயிரைக்குப் பருவமே வாழ்வு என்பதற்கு அதன் தாயகமான ஜப்பானிலிருந்தே இரண்டு செய்திகள் சொல்லலாம்.

கியோட்டோவுக்கு அருகே கமேயோக்கா என்ற ஊரில் 'அயுமோதோகி' என்ற அயிரை வாழ்கிறது. 1977இல் அரசு அதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் உழவர்கள் பாசனத்துக்காக ரப்பர் அணையை எழுப்பும்போது ஆற்றுநீர் ஏறி, புல் முளைத்த கரைநிலத்தை மூழ்கடிக்கும். புதிதாக நனைந்த அந்த நிலத்தில்தான் அது முட்டையிடுகிறது. ஆண்டில் சில நாட்கள், ஓர் ஊரின் உழவுத் தொழில், அதைச் சார்ந்து ஓர் இனத்தின் வாழ்வு. அந்த வாழிடத்தை ஒட்டிக் கால்பந்து அரங்கம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டபோது அறிவியலார் எதிர்த்தார்கள். 2016இல் அரங்கத்தின் இடம் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிக்கு மாற்றப்பட்டது. 2020இல் அரங்கம் அங்கே திறக்கப்பட்டது. ஒரு சாண் மீனுக்காக ஒரு விளையாட்டரங்கம் நகர்ந்தது என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது.

மற்றொன்று தொயோக்கா. ஜப்பானின் காட்டு நாரைக் கூட்டத்தின் கடைசிப் பறவை 1971இல் அங்கே இறந்தது. கூண்டில் பெருக்கிய நாரைகளை 2005இல் மீண்டும் வானில் விட்டார்கள். ஆனால் வானில் விட்டால் மட்டும் போதுமா? கீழே உண்பதற்கு மீன் வேண்டும். உழவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்தார்கள். வயலில் நீரை நீண்டநாள் நிறுத்தினார்கள். சிமெண்ட் வாய்க்காலிலிருந்து உயரத்திலிருந்த வயலுக்கு டோஜோ ஏறிவரச் சிறு மீன்படிகள் அமைத்தார்கள். வயலில் அயிரை பெருகியது, நாரை நிலைத்தது. அயிரையையும் நாரையையும் பிரித்துப் பார்க்காத குறுந்தொகைப் புலவர்களுக்கு இச்செய்தி புதிதாகப் பட்டிருக்காது.

அதே ஜப்பானில் டோஜோ உணவும்கூட. டோக்கியோவின் அசாகுசாவில் 1801இல் தொடங்கிய டோஜோ உணவகம் இன்றும் நடக்கிறது. நம் மதுரையிலும் அயிரையை உயிரோடு வாங்கி, பாத்திரத்தில் நீரும் பாலும் ஊற்றி மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டு உரசிக் குழம்பு வைக்கிறார்கள். தின்பதும் காப்பதும் ஒன்றோடொன்று பகையல்ல. தின்கிறவனுக்கு அது எங்கே எப்போது பிறக்கிறது என்ற அறிவும் வேண்டும் என்பதே செய்தி.

*

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் சமவெளியில் இருப்பவர், குளிர்நீர் அயிரைமேல் கொண்ட ஆசையை என்ன செய்வது?

நம் அயிரையின் அறிவியல் பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். தெர்மாலிஸ் என்றால் வெந்நீருக்குரியது. 1846இல் வாலென்சியென் அதை விவரித்தபோது கைக்கு வந்த மீன்கள் ஈழத்தில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றைச் சேர்ந்தவை. பெயரிலேயே வெப்பத்தைச் சுமக்கும் மீன் நம்முடையதாக இருக்க, சீனத்து மலையோடையின் மீனைக் கொண்டுவந்து வேகவைப்பானேன்?

அயிரையிடம் டோஜோவின் குணங்கள் யாவும் சிறிய அளவில் இருக்கின்றன. விரல் நீளம்தான். மணலில் தலைமட்டும் தெரியப் புதைந்திருக்கும். சட்டென மேலே பாய்ந்து காற்றை விழுங்கும். கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த முள் ஒன்று உண்டு, வலையில் பிடித்தால் அது சிக்கும். கிண்ணத்தால் மொண்டு எடுப்பதே நல்லது. ஆணின் மார்புத் துடுப்பில் உட்புறக் கதிர்கள் தடித்து ஒன்றாக இணைந்திருக்கும். இரண்டடித் தொட்டியும் ஆற்றுமணலும் மெதுவான நீரோட்டமும் எட்டுப் பத்து மீன்களும் போதும். ஹீட்டர் வேண்டாம், சில்லர் வேண்டாம். சந்தையில் உயிரோடு விற்கிறார்கள். கலர்மீன் கடையில் ஒரு வெளிநாட்டு அயிரைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு கூட்டத்தையே வாங்கிவிடலாம்.

இதையும் முட்டையிட வைப்பதுதான் சோதனை. இதற்குப் பனிக்காலம் தேவையில்லை, மழைக்காலம் தேவை. கோடையில் நீரின் உயரத்தைக் குறைத்து வையுங்கள். வானம் கறுக்கும் நாட்களில் கொசுப்புழுவும் மண்புழுவும் தாராளமாகக் கொடுங்கள். மழை தொடங்கியதும் சேர்த்துவைத்த மழைநீரைச் சிறுகச் சிறுக விட்டு நீரை உயர்த்துங்கள். கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வருவதை அயிரைக்கு அறிவிக்கும் வழி இது. முதல் ஆண்டிலேயே குஞ்சு பார்ப்பீர்கள் என்று நாம் உறுதி கூறமாட்டோம். தேதியும் நீரின் வெப்பமும் மீனின் நடத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் நம் மொழியில் அயிரையைப் பற்றி நம்பத்தகுந்த ஒரு பதிவு உருவாகும். டோஜோவைப் பற்றி ஜப்பானிய மொழியில் இருப்பதில் நூறில் ஒரு பங்காவது தமிழில் வரவேண்டாமா?

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நமக்கு இதில் ஒரு தனிப்பொறுப்பும் உண்டு. சங்கப் பாடலில் வரும் செடிகொடிகளையும் விலங்குகளையும் வகுப்பறையில் 'ஒருவகை மீன்', 'ஒருவகைப் பறவை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். உரையாசிரியர் எழுதிய 'ஒருவகை'யைப் பட்டம் பெறும்வரை மாணவர் மனனம் செய்கிறார். அயிரை என்ற சொல்லுக்கு எதிரே ஓர் உயிரை வைத்துக் காட்ட ஒரு சிறு தொட்டி போதும். தமிழ்த்துறைகளில் ஒன்றிரண்டாவது அடுத்த மழைக்காலத்துக்குள் இதைச் செய்து பார்க்கலாம். மீன் அங்கே இருந்தால், நாரை ஏன் அத்தனை தொலைவுக்குக் கழுத்தை நீட்டியது என்று மாணவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு அப்போது 'ஒருவகை மீன்' என்று விடை சொல்ல முடியாது.